பாலாற்று இஸ்கிரம்

"நான் ஊத மாட்டேன்" என்றாள் அமிர்தவள்ளி.

வாசலில் நின்ற ஆபித் பாஷாவுக்கு முகம் வாடிவிட்டது. அவன் கக்கத்தில் முட்டை வடிவத்தில் ஒரு தோல் பந்து இருந்தது.

"ஏன்? இத்தனை நாளா நீதானே ஊதினே?"

"இத்தனை நாளா நீயும் எங்க அண்ணனும் எதிர் எதிரா ஆடல. இன்னிக்கு நான் எது சொன்னாலும் ஒரு பக்கம் சண்டைக்கு வரும்."

"வேற ஆள் இல்ல, அமிர்தவள்ளி. ரஷீதைக் கேட்டா, யார் வேர்க்கடலை குடுக்கிறாங்களோ அவங்க பக்கம் ஊதுவான்."

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன் வேலு குரல் கொடுத்தான். "அவளே ஊதட்டும். என் தங்கச்சி எனக்கு எதிராவா ஊதப் போறா?"

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் ஆபித் பந்தை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டதை அமிர்தவள்ளி பார்த்தாள்.

அவள் ஆணியில் மாட்டியிருந்த தகர ஊதலை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"சரி, ஊதுறேன். ஆனா நான் சொன்னா சொன்னதுதான். ரெண்டு பேரும் இப்பவே ஒத்துக்கணும்."

"ஒத்துக்கறேன்" என்றான் ஆபித்.

"ஒத்துக்கறேன், ஒத்துக்கறேன்" என்றான் வேலு, வாயில் சோற்றோடு.

அது 1928-ஆம் வருஷம். ஆம்பூர்ப் பையன்களுக்கு ரக்பி பைத்தியம் பிடித்திருந்த வருஷம்.

ஆபித்தின் மாமா மெட்ராஸில், பெரியமேட்டில் ஒரு தோல் மண்டியில் வேலை பார்த்தார். அங்கே வெள்ளைக்காரர்கள் இந்த ஆட்டத்தை ஆடுவதை அவர் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பார். அவர்கள் கிழிந்து போனது என்று தூக்கிப் போட்ட ஒரு பந்தை வாங்கி, தையல் போட்டு, ஆபித்துக்குக் கொண்டுவந்து கொடுத்தார். விதிகளையும் அவரே சொன்னார். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடலாம். ஆனால் முன்னால் வீசக் கூடாது, கை நழுவி முன்னால் விழவும் கூடாது. பின்னால்தான் வீச வேண்டும். எதிரிகளின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் மூன்று புள்ளி.

"ஐரோப்பாவுல இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து, பிரான்ஸ்னு அஞ்சு நாடு. வருஷா வருஷம் ஒவ்வொரு நாடும் மத்த எல்லா நாட்டோடயும் மோதும்" என்று அவர் சொன்னதுதான் தாமதம். ஐந்து தெருப் பையன்கள் கூடி, சீட்டுக் குலுக்கி, ஆளுக்கொரு நாட்டை எடுத்துக்கொண்டார்கள்.

மசூதித் தெருவுக்கு அயர்லாந்து வந்தது. கிணற்றுத் தெருவுக்கு வேல்ஸ் வந்தது. வேல்ஸ் எங்கே இருக்கிறது என்று கிணற்றுத் தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. "இங்கிலாந்துக்குப் பக்கத்துத் தெரு" என்று வேலு சொல்லிவிட்டான்.

ஆடுவதற்கு நல்ல இடம் பாலாறுதான். கட்டாந்தரையில் விழுந்தால் முட்டி பெயர்ந்துவிடும். மணலில் விழுந்தால் ஒன்றும் ஆகாது. ஆற்றில் தண்ணீர் வருவது எப்போதாவதுதான். ஆற்றின் நடுவே மேடாக, தட்டையாக ஒரு மணல் திட்டு இருந்தது. அந்தத் திட்டுக்கும் ஊர்க் கரைக்கும் நடுவே ஒரு பள்ளம். பையன்கள் அந்தக் காய்ந்த பள்ளத்தில் இறங்கி, ஏறி, திட்டுக்குப் போய் ஆடுவார்கள்.

ஆட்டத்தில் அமிர்தவள்ளிக்குப் பிடித்தது ஸ்க்ரம். மாமா சொன்ன 'ஸ்க்ரம்' ஆம்பூர் வாயில் 'இஸ்கிரம்' ஆகிவிட்டது. ஒரு பக்கத்துப் பையன்கள் எல்லாரும் ஒருவர் முதுகில் ஒருவர் கை போட்டு, தோளோடு தோள் ஒட்டிக் கட்டிக்கொள்வார்கள். எதிர்ப் பக்கமும் அப்படியே. அவள் ஊதியதும் இரண்டு கூட்டமும் முட்டித் தள்ள வேண்டும். இடைவெளி விட்டுக் கட்டினால் முதல் தள்ளிலேயே எல்லாரும் சரிந்துவிடுவார்கள்.

அயர்லாந்தும் வேல்ஸும் மற்ற மூன்று தெருக்களையும் தோற்கடித்துவிட்டன. இன்று அவர்கள் இருவருக்கும் நடக்கும் ஆட்டத்தில் ஜெயிப்பவர்கள்தான் ஐந்து தெருவுக்கும் ராஜா.

ஆம்பூரில் நல்ல வெயில் அடித்தது. மேற்கே வாணியம்பாடிப் பக்கம் மட்டும் வானம் காலையிலிருந்தே கருத்துக் கிடந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

பக்கத்துக்கு ஏழு பேர். ஆபித்தின் தம்பி சத்தாரும் கூடவே வந்திருந்தான். அவனுக்கு ஆறு வயது. திட்டின் ஓரத்தில் உட்கார்ந்து மணலில் ஊற்றுத் தோண்டிக்கொண்டிருந்தான்.

ஆட்டம் தொடங்கியதிலிருந்தே முறைப்பும் முட்டலுமாக இருந்தது. ஆபித் காற்றாகப் பறந்து முதலில் மூன்று புள்ளி எடுத்தான். கொஞ்ச நேரத்தில் கிணற்றுத் தெரு கோதண்டராமன், முதுகில் இரண்டு பேர் தொங்க, மூச்சு வாங்க நடந்தே போய்க் கோட்டைத் தாண்டினான். அவனைத் தள்ளி வீழ்த்த யாராலும் முடியவில்லை. மூன்றுக்கு மூன்று.

வெயில் சாயத் தொடங்கியது. "இன்னும் கொஞ்சம்தான் நேரம்" என்றாள் அமிர்தவள்ளி.

அடுத்த இஸ்கிரத்திலிருந்து பந்து வெளியே வந்தது. வேலு அதை அள்ளிக்கொண்டு ஓடினான். ரஷீத் அவன் காலைப் பிடிக்கப் பாய்ந்து மணலைப் பிடித்தான். ஆபித் மட்டும் விடாமல் துரத்தினான். கோட்டுக்கு ஓரடி முன்னால் ஆபித்தின் கை வேலுவின் முதுகில் பட்டது. இருவரும் சேர்ந்து கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தார்கள்.

"ஜெயிச்சாச்சு" என்று கிணற்றுத் தெரு குதித்தது.

அமிர்தவள்ளி ஊதவில்லை.

அவள் பார்த்திருந்தாள். விழுவதற்கு முன்னாலேயே பந்து வேலுவின் கையிலிருந்து நழுவியது. மணலில் பட்டு எழும்பியது. பிறகுதான் வேலு அதன்மேல் விழுந்தான். வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. ஆபித்தின் முகம்கூட மணலுக்குள் இருந்தது.

அண்ணன் எழுந்து, சிரித்தபடி அவளைப் பார்த்தான்.

"புள்ளி இல்ல" என்றாள் அவள். "பந்து முன்னாடியே நழுவிடுச்சு."

கிணற்றுத் தெருவின் குதிப்பு பாதியில் நின்றது.

"இன்னா சொல்றே?" என்றான் வேலு.

"நழுவிச்சுண்ணா. நான் பாத்தேன்."

"நீ என் தங்கச்சியா, அவன் தங்கச்சியா?"

அவள் ஊதலைக் கையில் பிடித்துக்கொண்டாள். "ஊதும்போது நான் யாருக்கும் தங்கச்சி இல்ல" என்றாள்.

வேலு பந்தை மணலில் எறிந்தான். "நாங்க ஆடல. டேய், எல்லாரும் உக்காருங்கடா."

கிணற்றுத் தெருப் பையன்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். "ஒத்துக்கறேன்னு சொன்னியே" என்று ஆபித் கேட்டான். "உன்கிட்ட நான் பேசல" என்றான் வேலு. ஆளுக்கு ஆள் கத்தினார்கள். கூச்சலில் யார் பேசுவதும் யாருக்கும் விளங்கவில்லை.

அப்போது தூரத்தே ஊர்க் கரையில், ஊற்று நீரில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து துண்டை ஆட்டினார். என்னவோ கத்தினார். ஆட்டம் பார்க்க வந்தவர் என்று நினைத்து ரஷீத் பதிலுக்குக் கை ஆட்டினான்.

அண்ணனின் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் அமிர்தவள்ளி வேறு பக்கம் திரும்பினாள். அப்போதுதான் அதைப் பார்த்தாள்.

பள்ளத்தில் பழுப்பாக ஏதோ நகர்ந்து வந்தது. அதன் முன் ஓரத்தில் நுரையும் சருகும் சுள்ளியும். யாரோ பாய் விரிப்பதுபோல் அது சத்தமில்லாமல் மணலை மூடிக்கொண்டே வந்தது.

"தண்ணி" என்றாள். குரல் எழும்பவில்லை. ஊதலை வாயில் வைத்து, மூச்சு முட்டும் வரை ஊதினாள்.

எல்லாரும் திரும்பினார்கள்.

மேற்கே பெய்த மழை பாலாற்றில் இறங்கி வந்துவிட்டது. பள்ளம் நிரம்பிக்கொண்டிருந்தது. அவர்களுக்கும் ஊருக்கும் நடுவே ஆறு ஓடத் தொடங்கியிருந்தது.

"ஓடிடலாம்" என்று கத்திக்கொண்டே ரஷீதும் இன்னொரு பையனும் பள்ளத்தில் குதித்தார்கள். தண்ணீர் முழங்கால் அளவுதான் இருந்தது. ஆனால் நாலடி வைப்பதற்குள் ரஷீதின் கால் வாரிவிட்டது. அவன் உருண்டான். கோதண்டராமன் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்துத் திட்டில் போட்டான். இன்னொரு பையன் தானே தவழ்ந்து ஏறிவிட்டான். ரஷீதின் பற்கள் கிடுகிடுத்தன.

"சத்தார்" என்று ஆபித் அலறினான்.

சத்தார் திட்டின் ஓரத்தில் எழுந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தான். "பாய்ஜான், என் ஊத்துல எவ்ளோ தண்ணி பாரு."

அவன் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, மணல் ஒரு பெரிய துண்டாகப் பிளந்து தண்ணீரில் விழுந்தது. ஆபித் ஓடிப்போய்த் தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"இங்கேயே நிக்கலாம். யாராவது வருவாங்க" என்றான் ஒருவன்.

அமிர்தவள்ளி திட்டின் ஓரத்தைப் பார்த்தாள். இன்னொரு துண்டு விழுந்தது. கொஞ்ச நேரத்தில் திட்டே இருக்காது என்று அவளுக்குப் புரிந்தது. போவதென்றால் இப்போதே போக வேண்டும். தனித்தனியாகப் போனால் ரஷீதுக்கு ஆனதுதான் எல்லாருக்கும் ஆகும்.

அவளுக்கு அழுகை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு மறுபடி ஊதினாள்.

"இஸ்கிரம் கட்டுங்க."

"இப்பவா?" என்றான் வேலு. "உனக்கு இன்னா பைத்தியமா?"

"தனியா போனா இழுத்துடும். இஸ்கிரமா போனா தண்ணியால தள்ள முடியாது. கோதண்டராமனை யாராவது தள்ளினீங்களா இன்னிக்கு?"

ஆபித்தான் முதலில் கேட்டான். "எந்தப் பக்கம் யாரு?"

"ரெண்டு பக்கம் இல்ல. எல்லாரும் ஒரே பக்கம். தண்ணி வர்ற பக்கம் பெரிய ஆளுங்க நிக்கணும். கோதண்டராமன் முதல்ல. அவன் பக்கத்துல அண்ணன். அண்ணன் பக்கத்துல ஆபித். சின்னவங்க எல்லாம் நடுவுல. சீக்கிரம்."

வேலு ஆபித்தைப் பார்த்தான். ஆபித் வேலுவைப் பார்த்தான். கொஞ்சம் முன்னால்தான் பேச மாட்டேன் என்று சொன்ன வேலு கையை நீட்டி ஆபித்தின் தோளைச் சுற்றிப் போட்டுக்கொண்டான்.

மற்றவர்கள் பின்னால் வரிசை வரிசையாகக் கட்டிக்கொண்டார்கள். ரஷீத் நடுவே வந்தான். அமிர்தவள்ளி சத்தாரைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டு, இரண்டு பக்கமும் இருந்த பையன்களின் தோளைப் பிடித்தாள்.

"கழுத்தைக் கட்டிக்கோ. என் தொண்டையை நெரிச்சிடாதே" என்றாள்.

"சரிக்கா" என்றான் சத்தார். அவன் இப்போது சிரிக்கவில்லை.

ஆபித்தின் ஒரு கை வேலுவின் முதுகில் இருந்தது. மணலில் கிடந்த பந்தை எடுத்து இன்னொரு கக்கத்தில் இடுக்கியிருந்தான்.

"பந்தை விட்டுடு, ஆபித்."

"ஊர்லயே இது ஒண்ணுதான் இருக்கு. நான் பாத்துக்கறேன்."

வாதாட நேரம் இல்லை. "நான் ஒரு தடவை ஊதினா ஒரு காலடி. ஊதாம யாரும் காலை எடுக்கக் கூடாது" என்று சொல்லி ஊதலைப் பல்லில் கடித்துக்கொண்டாள்.

முதல் ஊதல். பள்ளத்தில் இறங்கினார்கள்.

தண்ணீர் இவ்வளவு கனமாக இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. அது தொடையைப் பிடித்துத் தள்ளியது. காலடி மணல் கரைந்து ஓடியது. கோதண்டராமன் வண்டி மாடுபோல் முக்கினான். ஆனால் சாயவில்லை.

இரண்டாவது ஊதல். அடுத்த அடி. அடுத்தது. சின்னவர்களுக்குத் தண்ணீர் இடுப்புக்கு மேல் ஏறியது. யாரோ அழுதார்கள். "ஒட்டி நில்லு, ஒட்டி நில்லு" என்று யாரோ சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மசூதித் தெருவா, கிணற்றுத் தெருவா என்று தெரியவில்லை. எல்லார் குரலும் ஒன்றாகத்தான் கேட்டது.

பாதிப் பள்ளம் தாண்டியபோது ஒரு முட்புதர், வேரோடு மிதந்து நேராக அவர்கள்மேல் வந்தது.

"குனியாதீங்க" என்று கத்திய கோதண்டராமன் அதைத் தோளில் வாங்கித் தள்ளிவிட்டான். அது சுழன்று வேலுவின் மார்பில் இடித்தது. வேலுவின் கால் வழுக்கியது. அவன் தலை தண்ணீருக்குள் போனது.

அமிர்தவள்ளிக்கு ஊத மூச்சு வரவில்லை.

ஆபித்தின் ஒரு கைப் பிடி மட்டும் போதவில்லை. வேலுவின் சட்டை அவன் விரல்களிலிருந்து உருவிக்கொண்டிருந்தது. ஆபித் கக்கத்தைத் திறந்தான். பந்து தண்ணீரில் விழுந்தது. இரண்டு கையாலும் வேலுவைக் கட்டிப் பிடித்துத் தூக்கினான்.

வேலு இருமிக்கொண்டே மேலே வந்தான். "கால் ஊனு, கால் ஊனு" என்றான் ஆபித். வேலு காலை ஊன்றினான். இருவர் கையும் மறுபடி தோளைச் சுற்றிக்கொண்டன.

பந்து ஒரு முறை குதித்தது. ஒரு முறை சுழன்றது. பிறகு கிழக்கே வேகமாகப் போனது. யாரும் அதைப் பிடிக்கக் கை நீட்டவில்லை.

அமிர்தவள்ளி ஊதினாள்.

ஒரு அடி. இன்னொரு அடி. தண்ணீர் இடுப்பிலிருந்து தொடைக்கு இறங்கியது. கரையிலிருந்து துவைக்கிறவர் முறுக்கிய சேலை ஒன்றைத் தூக்கி எறிந்தார். கோதண்டராமன் அதன் நுனியைப் பிடித்துக்கொண்டான். அடுத்த சில ஊதலில் எல்லாரும் கரையில் ஒருவர்மேல் ஒருவராகக் கிடந்தார்கள்.

திரும்பிப் பார்த்தபோது திட்டு இருந்த இடத்தில் தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருந்தது.

செய்தி எப்படியோ ஊருக்குள் போயிருந்தது. ஆபித்தின் அம்மா ரஃபத் ஜஹான் முதலில் ஓடிவந்தார். சத்தாரை அமிர்தவள்ளியின் முதுகிலிருந்து எடுக்கப் பார்த்தார். சத்தார் விடமாட்டேன் என்று அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

"கீழே இறங்கு, பேட்டா. அந்தப் பொண்ணு மூச்சு விடணும்."

"அக்கா ஊதினாத்தான் இறங்குவேன்" என்றான் சத்தார்.

அமிர்தவள்ளி ஊதினாள். ஊதலுக்குள் தண்ணீர் போயிருந்ததால் 'புளுக்' என்று மட்டும் சத்தம் வந்தது. அதைக் கேட்டு ரஷீத்தான் முதலில் சிரித்தான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். சிலர் சிரித்துக்கொண்டே அழுதார்கள்.

"அப்போ ஆட்டம்?" என்று ஒருவன் கேட்டான். "ஜெயிச்சது யாரு?"

"பந்தே இல்ல. அப்புறம் இன்னா ஆட்டம்" என்றான் கோதண்டராமன்.

ஆபித் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். "மாமாவுக்கு எழுதறேன். கிழிஞ்ச பந்து இன்னொண்ணு கிடைக்காமலா போயிடும்" என்றான். பிறகு, "எழுதும்போது நடந்ததைச் சொல்லலாமா வேணாமா?" என்று கேட்டான். சொல்ல வேண்டாம் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

இருட்டுவதற்குள் அண்ணனும் தங்கையும் வீட்டுக்கு நடந்தார்கள். உடம்பெல்லாம் மணல். வேலு ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் இன்னும் கோபமாக இருக்கிறானோ என்று அமிர்தவள்ளி நினைத்தாள்.

தெருமுனையில் அவன் நின்றான். வீட்டு வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது என்பது தூரத்திலிருந்தே தெரிந்தது.

"அடி விழும்" என்றான் வேலு.

"விழும்" என்றாள் அமிர்தவள்ளி.

"நீ எனக்குப் பின்னாடி வா."

அவன் முன்னால் போனான். முதுகை நிமிர்த்திக்கொண்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அம்மாவின் எதிரே போய் நின்றான்.

அடி விழவில்லை. அம்மா இருவரையும் ஒன்றாக இழுத்து, யார் தலையை முதலில் துவட்டுவது என்று தெரியாமல், இரண்டு தலையையும் முந்தானையால் மூடிக்கொண்டாள்.

முந்தானைக்குள் இருட்டாக இருந்தது. வேலுவின் மூச்சு அமிர்தவள்ளியின் காதருகே கேட்டது.

"வள்ளி" என்று மெதுவாகக் கூப்பிட்டான். "பந்து நழுவிச்சு. கோட்டுக்கு முன்னாடியே."

"அதான் நான் பாத்தேனே" என்றாள் அவள்.